1964 ஜாஸ் பேஸ்: ‘முழுக்க அசல்’ என்ற சொல்லைப் படங்களில் சரிபார்ப்பது

நீங்கள் அனுப்பிய ஒன்பது படங்களையும் விற்பவர் எழுதிய குறிப்பையும் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். டெக்சஸில் இருக்கும் ஒருவர், 1964ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் (மின்சார பேஸ் கிட்டார்) ஒன்றை, மூன்று நிற சன்பர்ஸ்ட் பூச்சோடு, ‘முழுக்க அசல், எதுவுமே மாற்றப்படவில்லை’ என்று சொல்லி இணையத்தில் விலைக்கு வைத்திருக்கிறார். நீங்கள் டொராண்டோவில் இருப்பதால் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. படங்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வாக்கை எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெக் (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து) 1964ஐச் சேர்ந்தது என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. மின்பகுதியில் ஒரு பாகம் நிச்சயமாகப் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கிறது. பூச்சு அசலா என்பதற்கு ஒன்பது படங்களில் ஒன்றில்கூட ஆதாரம் இல்லை. கேட்கப்படும் விலையில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே, கீழே நான் சொல்லும் படங்கள் வந்து சேரும்வரை முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

‘அசல்’ என்ற சொல்லில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. பழைய ஃபெண்டர் கருவியைப் பொறுத்தவரை அது ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அன்று. லியோ ஃபெண்டர் 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோதே, நெக்கைப் பாடியோடு (கருவியின் உடலோடு) ஒட்டாமல் திருகுகளால் பூட்டினார். பழுதானால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்த வடிவமைப்பின் பலம். 1960இல் வந்த ஜாஸ் பேஸும் அப்படித்தான். ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கத் தெரிந்த எவரும் அரைமணி நேரத்தில் ஒரு நெக்கை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டிவிடலாம் என்ற அந்த வசதி, அறுபது ஆண்டு கழித்து வாங்குபவருக்குச் சிக்கலாக வந்து நிற்கிறது. எனவே நெக், பாடி, பூச்சு, பிக்அப்கள் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்கள்), பாட்களும் (ஒலி அளவையும் தொனியையும் மாற்றும் திருப்பிகள்) வயர்களும், உலோகச் சாமான்கள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றின் பதில் மற்றொன்றுக்குச் சாட்சியாகாது. விற்பவர் நேர்மையானவராக இருந்தும் தவறாகச் சொல்லக்கூடும். தான் வாங்கிய பிறகு எதையும் மாற்றவில்லை என்பதைத்தான் பலர் ‘அசல்’ என்ற சொல்லால் குறிக்கிறார்கள். தமக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் 1975இல் என்ன செய்தார் என்பது அவர்களுக்கே தெரியாது.

அவர் முதல் படமாகக் கொடுத்திருப்பது நெக் பிளேட்டில், அதாவது நெக்கைப் பூட்டும் திருகுகள் செல்லும் பின்பக்கத் தகட்டில், ‘எல்’ என்ற எழுத்தோடு தொடங்கும் எண். வாங்குபவர்கள் அதிகம் நம்புவதும் அதைத்தான்; நான் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். எல் வரிசை எண்கள் ஏறக்குறைய 1962இன் இறுதியிலிருந்து 1965 வரை வந்தவை. தகடுகள் வரிசைப்படி எடுத்துப் பொருத்தப்படவில்லை. பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். ஆகவே எண் ஒரு காலப்பகுதியைக் காட்டுமே தவிர ஆண்டைக் காட்டாது. அதோடு, நான்கு திருகுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் ஒரு உலோகத் துண்டு அது. புதிதாக அச்சடித்த எல் வரிசைத் தகடுகளும் வாங்கக் கிடைக்கின்றன. இந்த எண்ணின் பெரிய பயன் வேறு: அதைத் தேடுபொறியில் இட்டுப் பாருங்கள். இதே கருவி முன்பு வேறொருவரால் ‘பூச்சு மாற்றியது’ என்ற குறிப்போடு விற்கப்பட்டிருந்தால், அந்தப் பழைய விளம்பரம் எங்காவது கிடைக்கக்கூடும்.

1964 என்ற ஆண்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அதற்கு முந்தைய கருவி என்றால் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். அதனால் 1966ஐ இரண்டு ஆண்டு பின்னுக்குத் தள்ளிக் காட்டும் ஆசை சந்தையில் எப்போதும் இருக்கிறது. உங்கள் கருவியில் அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை. 1965இன் இறுதியிலும் 1966இலும் ஃபிங்கர்போர்டின் (நெக்கின் முகப்பில் விரல் வைத்து அழுத்தும் பலகை) ஓரத்தில் வெள்ளைப் பட்டை வந்தது; 1966இல் அதில் பதித்த வட்டப் புள்ளிகள் போய்ச் செவ்வகப் பதிப்புகள் வந்தன; நெக் பிளேட்டில் பெரிய ‘எஃப்’ எழுத்து பொறிக்கப்பட்டது. இவை எதுவும் இந்தப் படங்களில் இல்லை.

நெக்குக்கு வருவோம். மூன்றாம் படத்தில் நெக்கைக் கழற்றி அதன் அடிப்பகுதியைக் காட்டியிருக்கிறார். அங்கே முத்திரை ‘7 ஜூன் 64 ஏ’ என்று இருக்கிறது. இதை 1964 ஜூன் 7ஆம் தேதி என்று விற்பவர் குறிப்பில் எழுதியிருப்பது பலரும் செய்யும் பிழை. முதலில் வரும் 7 தேதி அன்று. ஜாஸ் பேஸுக்கு உரிய மாடல் குறியீடு. கடைசியில் வரும் ‘ஏ’, நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் சிறு துண்டு) இருக்கும் இடத்தில் நெக்கின் அகலம் ஒன்றரை அங்குலம் என்று சொல்கிறது. ஜாஸ் பேஸின் குறுகிய நெக்குக்கு அதுதான் பொருந்தும். அதே காலத்துப் பிரிசிஷன் பேஸின் நெக் ஒன்றேமுக்கால் அங்குலம், அதற்கு ‘சி’ வரும். 1962இன் தொடக்கம்வரை இந்தத் தேதியைப் பென்சிலால் எழுதினார்கள், அதன்பின் ரப்பர் முத்திரை வந்தது என்பதால் 1964க்கு முத்திரை இருப்பது சரிதான். முத்திரையின் மை மரத்தின் துளைகளில் இறங்கிச் சற்றே பரவியிருக்கிறது, அதன் மேல் பழைய அழுக்கு படிந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தின் விளிம்பு எங்கும் கூர்மையாக இல்லை. இது நல்ல அறிகுறி. பழைய நெக்கில் புதிதாகக் குத்திய முத்திரை என்றால் மை அழுக்கின் மேல் நிற்கும்.

முத்திரையைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது நான்காம் படம். நட் பக்கத்தில், ரோஸ்வுட் பலகையும் மேப்பிள் மரமும் சேரும் கோடு மேல்நோக்கி வளைந்திருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. 1962இன் நடுப்பகுதிவரை ஃபெண்டர் தட்டையான அடிப்பாகம் கொண்ட தடித்த ரோஸ்வுட் பலகையை ஒட்டியது. பிறகு மேப்பிளின் முகத்தை வளைவாகச் செதுக்கி அதன் மேல் மெல்லிய பலகையை வளைத்து ஒட்டத் தொடங்கியது. 1964இல் இருக்க வேண்டியது இந்த வளைந்த கோடுதான். புள்ளிகளும் பொருந்துகின்றன: ஒளியை வாங்கிக்கொள்ளாத, மங்கிய மண்ணிறப் புள்ளிகள். 1964இன் இறுதியிலும் 1965இன் தொடக்கத்திலும் இவற்றின் இடத்தில் முத்துப்போல் மின்னும் பிளாஸ்டிக் புள்ளிகள் வந்துவிட்டன. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்திலும் உங்கள் கருவியின் புள்ளிகள் மின்னவில்லை.

நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் பின்புறத்தைக் காட்டும் ஐந்தாம் படத்தில், கம்பிகளை இறுக்கும் ட்யூனர்களைப் பாருங்கள். க்ளூசன் நிறுவனத்தின் பழைய ட்யூனர்கள் அவை. கம்பியை இறுக்கத் திருப்பும் திசை இன்றைய வழக்கத்துக்கு எதிரானது. தகட்டின் விளிம்பைச் சுற்றிலும் லாக்கர் பூச்சு சற்றே அடர்ந்த நிறத்தில் கோடு போட்டதுபோல் இருக்கிறது, அந்தக் கோடும் தகடும் இம்மி பிசகாமல் பொருந்துகின்றன. யாராவது 1970களில் இவற்றைக் கழற்றிவிட்டு வேறு ட்யூனர் பொருத்தி, பிற்பாடு பழையதையே திரும்ப மாட்டியிருந்தால், பழைய நிழலுக்கு வெளியே இன்னொரு நிழலோ, குச்சி செருகி அடைத்த திருகுத் துளையோ எஞ்சியிருக்கும். அப்படி எதுவும் தெரியவில்லை. ஹெட்ஸ்டாக்கின் முகப்பில் இருக்கும் லோகோவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மறுபதிப்பு லோகோக்கள் மலிவாகக் கிடைக்கின்றன, அதை ஆதாரமாக எடுத்துக்கொள்வதில் பயனில்லை.

ஃபிரெட்டுகள் (பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) உயரமாகவும் புதியதாகவும் தெரிகின்றன. இது மாற்றியதாகத்தான் இருக்கும். எனக்கு இது குறையே இல்லை. அறுபது ஆண்டு வாசிக்கப்பட்ட கருவியில் முதல் ஃபிரெட்டுகளே இருந்தால் அது வாசிக்கப்படவில்லை என்றுதான் பொருள். கேட்க வேண்டிய ஒரே கேள்வி, ஃபிரெட் மாற்றியவர் பலகையைத் தேய்த்துத் தட்டையாக்கினாரா என்பது. அசல் வளைவு 7.25 அங்குல ஆரம். அதை 9.5க்குக் கொண்டுபோயிருந்தால், ஏற்கெனவே மெல்லியதான பலகை நடுவில் இன்னும் மெலிந்திருக்கும்.

இனிப் பூச்சு. நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1964இன் சன்பர்ஸ்ட் என்பது ஆல்டர் மரத்தின் மேல் மஞ்சள், சிவப்பு, விளிம்பில் கறுப்பு என்று படிப்படியாக வைத்து, மேலே நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்த மெல்லிய பூச்சு. 1968 வாக்கில் வந்த தடித்த பாலியெஸ்டர் பூச்சைப்போல் அது கண்ணாடி மாதிரி மேலே நிற்காது. மரம் விரிந்து சுருங்குவதோடு சேர்ந்து நுண்ணிய வெடிப்புகள் விடும், வியர்வை படும் இடத்தில் கரையும், சிவப்பு வெயிலில் வெளுக்கும். இவை அனைத்தையும் இன்று செயற்கையாக உண்டாக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே வெளியே தெரியும் தேய்மானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் தொழிற்சாலையில் பூச்சு அடித்த முறை, வாங்குபவர் கண்ணுக்குப் படாத இடங்களில் சில தடயங்களை விட்டுச் சென்றிருக்கிறது. அவற்றை ஒளிக்க அப்போது யாருக்கும் காரணம் இல்லை. பின்னாளில் மீண்டும் பூச்சு அடிப்பவருக்கு அவற்றைக் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

முதலாவது ஆணித் துளைகள். ஏறக்குறைய 1964இன் இறுதிவரை, பாடியின் முகப்பில் சிறு ஆணிகளை அறைந்துவிட்டுத்தான் பூச்சு அடித்தார்கள். ஒரு பக்கம் அடித்து முடித்ததும் பாடியைத் திருப்பி அந்த ஆணிகளைக் கால்களாக்கி நிறுத்திக் காயவைக்கலாம். வேலை முடிந்ததும் ஆணிகளைப் பிடுங்கிவிடுவார்கள். துளைகள் பெரும்பாலும் பிக்கார்டுக்கும் (பாடியின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடு) பாட்களைத் தாங்கும் கன்ட்ரோல் தகட்டுக்கும் அடியில் மறைந்துபோகும் இடங்களில் இருக்கும். முழுப் பூச்சும் முடிந்த பின் பிடுங்கிய ஆணி என்பதால், அந்தத் துளைக்குள் பெயின்ட் இருக்காது. உள்ளே வெறும் மரம் தெரியும். மறுபடி பூச்சு அடித்த பாடியில் துளை முற்றிலும் நிரம்பி மறைந்திருக்கும், அல்லது உள்சுவரில் நிறம் இறங்கியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள இந்தத் துளை, ‘முழுக்க அசல்’ என்று எழுதிக்கொடுத்த கடிதத்தைவிடப் பெறுமதியானது.

இரண்டாவது, நெக் உட்காரும் குழி. 1963 வாக்கிலிருந்து பாடியைப் பிடித்துக்கொள்ள அந்தக் குழிக்குள் ஒரு கட்டையைத் திருகி, அதைக் கைப்பிடியாக வைத்துக்கொண்டு பூச்சு தெளித்தார்கள். கட்டை மறைத்த இடத்தில் நிறம் படாமல் ஒரு பட்டை வெறுமையாக நிற்கும். அதில் அந்தக் கட்டையின் திருகுத் துளைகளும் இருக்கும். 1964 பாடியில் குழி முழுவதும் சீராகக் கறுப்போ சிவப்போ படிந்திருந்தால், அல்லது உப்புத்தாள் தேய்த்த சுத்தமான வெள்ளை மரம் தெரிந்தால், நான் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன்.

இப்போது உங்கள் படங்களுக்குத் திரும்புங்கள். விற்பவர் நெக்கைக் கழற்றியிருக்கிறார். அதன் அடிப்பாகத்தைப் படமெடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் குழி அவர் கண்ணெதிரே திறந்து கிடந்தது. அதைப் படமெடுக்கவில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. முத்திரைதான் முக்கியம் என்று நினைப்பவர்கள் குழியைக் கவனிப்பதில்லை. ஆனால் எந்தப் படம் வேண்டும் என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்கிறார் என்பது உங்களுக்கு நிறையத் தெரியப்படுத்தும்.

மூன்றாவது, நிழல். பிக்கார்டின் கீழ் அறுபது ஆண்டு வெயில் படாமல் இருந்த இடத்தில் சிவப்பு அழுத்தமாக இருக்க வேண்டும். வெளியே வெளுத்து ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ மாறியிருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பிக்கார்டின் விளிம்பைப் பின்தொடரும் தெளிவான கோடு விழும். கன்ட்ரோல் தகட்டின் கீழும் அப்படியே. முதல் படத்தில் வெளிப்பகுதியின் சிவப்பு மிகவும் செழிப்பாக இருக்கிறது. கருவி பெட்டிக்குள்ளேயே கிடந்திருந்தால் இது சாத்தியம். ஆனால் பெட்டிக்குள்ளேயே கிடந்த கருவியின் ஃபிரெட்டுகளை ஏன் மாற்ற வேண்டியிருந்தது? இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதுதான் என் முதன்மையான சந்தேகம்.

இதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒருமுறை நானே இதில் ஏமாந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையிலிருந்து, இதேபோல் 1964 என்று சொல்லப்பட்ட ஜாஸ் பேஸை, இதேபோன்ற ஒன்பது பத்துப் படங்களை நம்பி வரவழைத்தேன். நெக், முத்திரை, பாட் எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. வந்து சேர்ந்த அன்று மாலை, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பிரிட்ஜுக்கும் (பாடியில் கம்பிகளின் முனையைத் தாங்கும் பாகம்) அதன் அருகிலிருக்கும் பிக்அப்புக்கும் நடுவில், லாக்கரின் பரப்பில் வரிசையாகச் சிறு வட்டங்கள் அமுங்கியிருப்பதுபோல் தெரிந்தது. நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும், பொட்டு அளவு, லேசான பள்ளம். விரல் நுனியால் தடவினால் உணரக்கூட முடியவில்லை. ஜாஸ் பேஸின் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே தனித்தனியாக ஸ்பிரிங் தகட்டில் ஃபெல்ட் ஒட்டிய, கம்பியின் ஓசையை அடக்கும் ம்யூட் ஒன்றைத் திருகி வைத்திருந்தார்கள். 1963 வாக்கில் அதை விட்டுவிட்டு பிரிட்ஜ் மூடிக்குள் நுரைப்பஞ்சு வைத்தார்கள். நான் பார்த்த வட்டங்கள் அந்த ம்யூட் திருகுகளின் அடைக்கப்பட்ட துளைகள். பிக்கார்டைக் கழற்றினேன், ஆணித் துளைகளே இல்லை, எல்லாம் நிரவப்பட்டிருந்தன. 1961 அல்லது 1962இன் பாடி ஒன்றுக்கு அழகாகப் புதுச் சன்பர்ஸ்ட் அடித்து, 1964இன் நெக்கை மாட்டியிருக்கிறார்கள். இரண்டு பாகமும் தனித்தனியே மெய்யான பழைய ஃபெண்டர்தான். சேர்ந்து பிறந்தவை அல்ல. அந்தக் கருவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வாசிக்க அருமையானது. ஆனால் நான் கொடுத்த விலை அதற்குரியது அன்று.

ஆகவே பாடியின் முகப்பைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் கண்டிப்பாகக் கேளுங்கள். கூடவே, புற ஊதா டார்ச் ஒன்றை வைத்து இருட்டறையில் எடுத்த படமும் கேளுங்கள். அந்த டார்ச் மலிவானது, பழைய கருவிகளை விற்பவர்கள் பலரிடம் இருக்கும். முதிர்ந்த நைட்ரோ லாக்கர் அந்த ஒளியில் பச்சையும் மஞ்சளும் கலந்து மங்கலாக ஒளிரும். பின்னால் தொட்டு அடித்த இடங்கள் கறுத்துத் திட்டாகத் தெரியும். பாடி முழுவதும் ஒளிராமல் நெக்கின் பின்புறம் மட்டும் ஒளிர்ந்தால் விடை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பேசி கேமரா நிறத்தைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றும் என்பதால், நெக்கும் பாடியும் ஒரே படத்தில் வரும்படி எடுக்கச் சொல்லுங்கள்.

மின்பகுதிக்கு ஆறாம் படம் போதுமான அளவு உதவுகிறது. கன்ட்ரோல் தகட்டைத் திருப்பி வைத்து எடுத்திருக்கிறார். பாட்களின் முதுகில் குத்தப்பட்டிருக்கும் எண்ணில் முதல் மூன்று இலக்கம் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். அதற்குப் பின் ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதும் வரும். இரண்டு வால்யூம் பாட்களிலும் 304 6418 என்று இருக்கிறது. அதாவது 1964இன் 18ஆவது வாரம், ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கம். பாட்களை வெளியிலிருந்து வாங்கி வைத்து, பிறகு பொருத்துவார்கள் என்பதால், மேயில் செய்த பாட் ஜூனில் முத்திரையிட்ட நெக்கோடு சேர்வது மிகவும் இயல்பு. மூன்றாவதான டோன் பாட்டில் 137 6632 என்று இருக்கிறது. 1966இன் 32ஆவது வாரத்தில் செய்த பாகம் 1964இல் ஒரு கருவிக்குள் இருக்க முடியாது. இந்த ஒரு எண்ணே ‘எதுவுமே மாற்றப்படவில்லை’ என்ற வாக்கைப் பொய்யாக்கிவிடுகிறது. ஆனால் விற்பவர் பொய் சொல்கிறார் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அவரே அந்தப் படத்தைக் கொடுத்திருக்கிறார். எப்போது மாற்றினார்கள் என்பதையும் இந்த எண் காட்டாது. சிபிஎஸ் 1966இல் பெரும் அளவில் பாட்களை வாங்கிக் குவித்ததால், அந்த ஆண்டின் எண் 1969 வரைகூடப் புதிய கருவிகளில் வந்துகொண்டிருந்தது.

எண்களைவிட ஈயப்பற்றைப் பாருங்கள். படத்தைத் திரையின் அளவுக்குப் பெரிதாக்கினால், இரண்டு வால்யூம் பாட்களின் முதுகிலும் ஈயம் சாம்பல் பூத்து மங்கி, அகலமாகப் படர்ந்திருப்பது தெரியும். துணி சுற்றிய வயர்கள் அதற்குள் அமிழ்ந்திருக்கின்றன. டோன் பாட்டின் பற்று மட்டும் சிறியதாக, பளபளப்பாக, சுற்றிலும் பிசின் காய்ந்த பழுப்பு வளையத்தோடு இருக்கிறது. அதற்குப் போகும் வயரில் ஒன்றின் துணி உறை நுனியில் கருகியிருக்கிறது. ஆனால் பிக்அப்களிலிருந்து வரும் வயர்கள் சேரும் இடங்கள் தொடப்படவில்லை. இது பெரிய ஆறுதல்: பழுதான ஒரு பாட்டை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டுவைத்திருக்கிறார்கள். பிக்அப்களை மாற்றாமலே அவற்றின் சுருளை மட்டும் மீண்டும் சுற்றியிருக்கவும் கூடும் என்பதால், அவற்றை மேலே தூக்கி அடித்தட்டைக் காட்டும் படம் ஒன்று வேண்டும். 1964இல் அடித்தட்டு கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. இரண்டில் எது இருந்தாலும் கவலையில்லை. கம்பிச் சுற்றின் நிறம் இரண்டு பிக்அப்பிலும் ஒன்றாக இருக்கிறதா, மேலே சுற்றியிருக்கும் நூலோ பட்டையோ பழையதா என்று பார்க்க வேண்டும். பிக்அப்பைத் தூக்கும் அதே நேரத்தில் அதன் குழியின் அடிப்பாகமும் படத்தில் விழும். அங்கே மஞ்சளும் தெளித்த நிறத்தின் சிதறலும் எப்படி இருக்கிறது என்பது பூச்சைப் பற்றிய இன்னொரு சாட்சி.

மற்ற சிறு பாகங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆமையோட்டு நிறப் பிக்கார்டு அந்தக் காலத்தில் செல்லுலாய்டில் செய்யப்பட்டது. ஆண்டுகள் போகப்போகச் சுருங்கும், திருகுகளைத் தன் பக்கம் இழுக்கும், மூலைகளில் வெடிக்கும். உங்கள் படத்தில் பத்துத் திருகுகளும் துளையின் நடுவில் நேராக நிற்கின்றன, ஓரம் எங்கும் நெளியவில்லை. அது பின்னாளில் வாங்கிப் போட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அசல் பிக்கார்டுக்குத் தனியாகவே நல்ல விலை உண்டு என்பதால், இதை விலை பேசும்போது எடுத்துச் சொல்லலாம். பிரிட்ஜின் மேலும் பிக்அப்பின் மேலும் இருந்த குரோம் மூடிகளைக் காணோம். வாசிப்பவர்கள் எல்லோரும் முதலில் கழற்றி வைப்பது அவற்றைத்தான், இல்லாதது வியப்பன்று. ஆனால் அவற்றின் திருகுத் துளைகள் பாடியில் இருந்தே ஆக வேண்டும். கீழ்க்கம்பிக்கு அடியில் விரல் பிடிக்க வைத்திருந்த சிறு கட்டையின் இரண்டு துளைகளும் இருக்க வேண்டும். இருக்க வேண்டிய துளை இல்லாமல் இருப்பது, இருக்கக்கூடாத துளை இருப்பதைப்போலவே கேள்விக்குரியது. இரண்டாம் படத்தில் பிரிட்ஜ் மூடியின் துளைகள் தெரிகின்றன. மற்றவை வெளிச்சத்தின் எதிரொளியில் மறைந்துவிட்டன.

விற்பவரிடம் கேட்கும்போது ‘இது அசல்தானா’ என்று கேட்க வேண்டாம். ஆம் என்ற பதில்தான் வரும், அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ‘நெக்கைக் கழற்றியபோது குழியைப் பார்த்தீர்களா, பெயின்ட் படாத பட்டை இருக்கிறதா, அதன் படம் ஒன்று அனுப்ப முடியுமா’ என்று கேளுங்கள். கம்பிகளைத் தளர்த்திவிட்டுத்தான் நெக் திருகுகளைத் தொட வேண்டும் என்பதை அவருக்குத் தெரிந்திருந்தாலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்; அக்கறையோடு கேட்கிறீர்கள் என்பது புரியும். நெக்கின் வளைவைக் கட்டுப்படுத்தும் உள் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைச் சரிசெய்யும் திருகு நெக்கின் அடியிலேயே இருப்பதால், இந்தக் கருவியின் நெக் வாழ்நாளில் பல முறை கழற்றப்பட்டிருக்கும். இன்னொரு முறை கழற்றுவதால் கெட்டுவிடாது. படங்களில் ஒன்றிலாவது அன்றைய தேதி எழுதிய காகிதம் பக்கத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே வந்த ஒன்பது படங்களையும் படத்தேடலில் இட்டு, வேறு யாருடைய விளம்பரத்திலிருந்தும் எடுக்கப்பட்டவையா என்று பார்த்துவிடுங்கள்.

களவு போன கருவிகளின் வரலாறு இந்தத் துறையில் நீளமானது. புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 பிரிசிஷன் பேஸ் 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடுபோயிற்று. இன்னொரு புகழ்பெற்ற பேஸ் கலைஞரான ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் 1986இல் நியூயார்க்கில் மறைந்து, இருபது ஆண்டு கழித்து அதே நகரில் தலைகாட்டியது. உங்கள் கருவிக்கு அப்படி ஒரு புகழ் இல்லாவிட்டாலும், யாரிடமிருந்து எப்போது வாங்கினார் என்று விற்பவரைக் கேட்பது முறையான கேள்விதான்.

நாட்டு எல்லையைத் தாண்டி வருவதால் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கால ஃபெண்டரின் ஃபிங்கர்போர்டு பெரும்பாலும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கு உறவுக்கார மரம் அது. ஆனால் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில், மிகக் கடுமையான கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறது. பழைய கருவி என்று சொல்லி அஞ்சலில் அனுப்பிவிட முடியாது. அமெரிக்காவிலிருந்து வெளியேறவும் கனடாவுக்குள் நுழையவும் உரிய சான்றிதழ்கள் வேண்டும். அதை யார் வாங்குவது, செலவு யாருடையது என்பதைப் பணம் கைமாறுவதற்கு முன் எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் அனுப்பச் சம்மதிக்கவே வேண்டாம். சுங்கத்தில் பிடித்து வைத்தால் கருவியே திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

விலையைப் பற்றி. பூச்சு மாற்றிய பழைய ஃபெண்டர், அசல் பூச்சோடு இருக்கும் அதே ஆண்டுக் கருவியின் விலையில் சுமார் பாதிக்குத்தான் போகும் என்பது விற்பவர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. குழியின் படமும் ஆணித் துளையின் படமும் வந்து, இரண்டும் நான் சொன்னபடி இருந்தால், டோன் பாட், பிக்கார்டு, ஃபிரெட், மூடிகள் ஆகியவற்றுக்காகக் குறைத்துப் பேசி வாங்குங்கள். அது நல்ல கருவி. பூச்சு மாற்றியது என்று தெரிந்தால் பாதி விலை சொல்லுங்கள். அந்த விலைக்கு அவர் ஒத்துக்கொண்டால் தயங்காமல் வாங்கலாம். நீங்கள் மேடையில் வாசிப்பவர், கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர் அல்லர். நெக்கும் பிக்அப்களும் நல்ல நிலையில் இருக்கும் 1964 ஜாஸ் பேஸின் குரலை மேலே அடித்த லாக்கர் கெடுத்துவிடாது என்பது என் அனுபவம். படம் அனுப்ப முடியாது என்று மறுத்தால், பூச்சு மாற்றியது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்கு மேல் ஒரு டாலரும் ஏற்ற வேண்டாம்.

கடைசியாக, கருவியை வைக்கும் பெட்டியைப் பற்றி அவர் ஒன்றுமே எழுதவில்லை. அந்தப் பெட்டிக்குள் நெக்கின் கீழே மூடியோடு ஒரு சிறு அறை இருக்கும். அதைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு துணியில் பரப்பிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கழற்றி வைத்த குரோம் மூடிகள், விரல் கட்டை, உடைந்த பழைய பிக்கார்டின் துண்டுகள், மாற்றிய டோன் பாட், சில நேரம் முதல் உரிமையாளரின் ரசீதுகூட அங்கேதான் கிடக்கும். விற்பவர்கள் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.